உறைந்த காற்றும் ஒட்டுப்பாலும்

அந்த வருடங்களில் நான் விழித்தெழும்போதே களைத்திருப்பேன். முதல் நாள் களைப்பு இரவுக்குள் தீராமல் பாயிலேயே கிடக்கும். நான் எழும்போது அதுவும் எழுந்துகொள்ளும். இலங்கையில், ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவளாக இருந்தேன். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். மரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் முதல் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாது. ஒரு மலை நிறைய மரங்கள். ஒவ்வொன்றுக்கும் குனிந்து, முந்திய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரியாக வைத்து, நிமிர்ந்து, அடுத்த மரத்துக்கு ஏற வேண்டும். கடைசி மரத்தை முடிக்கும்போது முதல் மரத்துச் சிரட்டை நிறைந்திருக்கும். மறுபடி வாளியோடு தொடக்கத்திலிருந்து நடக்க வேண்டும்.

நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுதவும் வாசிக்கவும் நன்றாக வரும். பேசத்தான் வராது. நான்கு பேர் நிற்கும் இடத்தில் யாராவது என்னைக் கூப்பிட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பால் வெட்டுகிற வேலை எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மரு முதலில் ஒன்றாகத்தான் வந்தது. வலது உள்ளங்கையில், பெருவிரலின் அடிச்சதையில், கத்திப் பிடி வந்து அழுந்துகிற அதே இடத்தில். பிறகு அதைச் சுற்றி இன்னும் சில முளைத்து, எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து பாதிப் பாக்கு அளவுக்குத் தடித்துவிட்டன. பிடியை இறுக்கினால் உள்ளே முள் குத்துவதுபோல வலிக்கும். வலிக்குப் பயந்து தளர்த்தினால் கத்தி வழுக்கி, பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிடும். பால் வெட்டில் அதைவிடப் பெரிய தப்புக் கிடையாது. பட்டையை நகக் கனத்துக்குச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக் கூடாது. தொட்ட இடம் புடைத்து முடிச்சாகிவிடும். பிறகு வருடக்கணக்கில் அங்கே கத்தி ஓடாது.

என் மரங்களில் காயம் கூடிக்கொண்டு போவதைக் கங்காணி கண்டுவிட்டார். ஒரு நாள் பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

“என்னா புள்ள, பால் வெட்டுறியா, வெறகு பொளக்கிறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். அன்று பால் நிறுத்து முடிந்த பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“இங்க பாரு. நான் ஒங்க அப்பன் காலத்து ஆளு, அதனால சொல்றேன். ரப்பருக்கு வெல இல்லாம தொரை தலையில கைய வச்சிக்கிட்டு இருக்காரு. மாசக் கடைசியில இன்னொரு கூட்டத்த ஊருக்கு அனுப்பப் போறாங்க. கத்தி புடிக்க ஏலாத ஆள வச்சிக்காதன்னு எனக்கு உத்தரவு. கைய சொகப்படுத்திக்க. இல்லாட்டி நான் ஒன்னும் செய்யேலாது.”

ஊர் என்றால் இந்தியா. அதை நான் கண்டதில்லை. என் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பெயர் தெரியும். அங்கே எங்களை யார் அறிவார்கள் என்று தெரியாது. கீழ் லயத்து வீட்டு வரிசையில் பாதிக் காம்பரா அறைகள் ஏற்கெனவே காலியாகியிருந்தன. போனவர்களின் அடுப்புச் சாம்பல்கூட அள்ளப்படாமல் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு அப்போது மூச்சு இழுப்பு. ஸ்டோரில் ரப்பர் தகடு காயவைக்கிற புகைக் காம்பராவில் வேலை பார்த்து, அந்தப் புகையே நெஞ்சில் இறங்கி, வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். தோட்டத்தில் எங்களை வைத்திருந்தது என் கையிலிருந்த கத்தி ஒன்றுதான். அது போனால் நாங்கள் இருவரும் அந்தக் கூட்டத்தோடு போக வேண்டியதுதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் உண்மையில் டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிறவர். ஆனால் நாங்கள் டாக்டரய்யா என்றுதான் சொல்வோம். நடு வயது, தனி ஆள், எப்போதும் தூக்கம் போதாத முகம். முதலில் மருவின் மேல் ஒரு காரக் குச்சியைத் தேய்த்துப் பார்த்தார். தோல் கறுத்து வெந்ததே தவிர மரு அசையவில்லை. புண்ணானதுதான் மிச்சம். அந்தப் புண்ணோடு புல் வெட்டப் போனேன், கத்தி வேலையைக் கொஞ்ச நாள் இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் வெட்டுகிற எங்களுக்குக் கையில் காயம் பட்டால் ரப்பர் பாலைத்தான் தடவுவோம். தடவிய கொஞ்ச நேரத்தில் காய்ந்து தோலைப்போல் மூடிக்கொள்ளும். தண்ணீர் போகாது, அழுக்குப் போகாது. காயம் இல்லாவிட்டாலும் எங்கள் விரல்களில் அது எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கைகளைத் தேய்த்தால் புழுப்புழுவாய் உருண்டு விழும். விழாதது அப்படியே பழுத்து, கறுத்து, இது தோல், இது ரப்பர் என்று நமக்கே தெரியாமல் போய்விடும். காரக் குச்சி வைத்த புண் மேலும், போகிற வழி மரத்துச் சிரட்டையில் தொட்டு, அப்படித்தான் பால் தடவினேன். ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும், ஒன்றின் மேல் ஒன்றாக.

பிறகு ஒரு நாள் டாக்டரய்யா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முகத்தில் தூக்கம் இல்லை.

“பிள்ளை, உன்ரை கைக்கு ஒரு வழி இருக்கு. பெரிய டாக்குத்தர் போன கிழமை வந்தவரெல்லே, அவர் சொல்லிப்போட்டுப் போனவர். வாயுவை உறைய வைச்சு மருவிலை வைச்சு அழுத்திறது. மரு குளிரிலை செத்து விழுந்திடும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டினேன்.

“சோடாவிலை பொங்குதே, அந்த வாயுதான். ருவான்வெல்லைச் சோடாக் கடைக்காரனிட்டை அந்த வாயு அடைச்ச இரும்பு உருளை இருக்கு. கேட்டிருக்கிறன். அவன் நல்ல மனுசன், ஒரு பின்னேரத்துக்குத் தருவான்.”

லயத்தில் இந்தச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பக்கத்துக் காம்பரா அக்கா பிடித்துக்கொண்டாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான். வாய் மட்டும் எங்கள் மலையிலேயே பெரியது.

“அடியே, ஒனக்கு சோடா ஊத்தித்தான் வைத்தியமாமே! அப்புடியே எனக்கும் ஒரு போத்தல் கேட்டுப் பாரு, வயிறு ஒரு மாதிரியா இருக்கு.”

“கைக்குக்கா” என்றேன்.

“கைக்கு சோடா, வாய்க்கு என்னாவாம்? சரி சரி, மொகத்த அப்புடி வச்சிக்காத. போய்ட்டு வா. தொரை ஊட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி நல்லா கழுவிக்கிட்டுப் போ.”

அவள் சொன்னபடியே கழுவினேன். சாம்பல் போட்டு, சவர்க்காரம் போட்டு. கழுவிய பிறகு பார்த்தால் அந்த இடம் இன்னும் அசிங்கமாய், வெடிப்பு விட்டுத் தெரிந்தது. ஒரு ஆண்பிள்ளை கையைப் பிடித்துப் பார்க்கப் போகிறார் என்ற கூச்சத்தில், சிரட்டையில் மிஞ்சியிருந்த பாலைத் தொட்டு ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்துக்கொண்டு போனேன். பெரியவர்கள் முன்னால் போகும்போது தலையை வாரிக்கொண்டு போவதில்லையா, அப்படித்தான்.

சோடாக் கடை வண்டிக்காரர் சிங்களவர். உருளையை டிஸ்பென்சரியில் இறக்கிவைத்துவிட்டு, மாட்டை அவிழ்க்காமல் வாசலில் குந்தியிருந்தார். டாக்டரய்யா உருளையை மேசையில் சாய்த்து, அடிப்பக்கத்தை உயர்த்தி வைத்தார். துரையின் மோட்டார் கார் துடைக்கிற மெல்லிய தோல் ஒன்றை டிரைவரிடம் வாங்கி வைத்திருந்தார். அதை உருளையின் வாயில் பையாகக் கட்டி, திருகைத் திறந்தார். பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சத்தம் நின்றதும் தோல் பையை விரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாய், அரைத்த உப்பைவிட மென்மையாய், புகைந்துகொண்டு ஏதோ கிடந்தது.

“கையை நீட்டு. மற்றக் கை. பயப்பிடாதை.”

இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டார். நெருப்புப்போல் சுடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றுமே ஆகவில்லை. அந்த வெள்ளைத் தூள் உள்ளங்கையில் நிற்காமல் அங்குமிங்கும் ஓடியது. உருகவில்லை, நனைக்கவில்லை. சிறுத்துச் சிறுத்து, கடைசியில் அங்கே ஏதும் இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

“சுடேல்லைத்தானே?”

“இல்லைங்க ஐயா.”

“ஏனெண்டு சொல்லு பாப்பம்.” நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அவரே தொடர்ந்தார். “குளிர் எண்டு ஒண்டு உன்ரை கைக்குள்ளை வாறேல்லை. உன்ரை சூடுதான் அதுக்குள்ளை போகுது. தூளாக் கிடந்தா துணிக்கைக்கு நடுவிலை எல்லாம் வெறும் வாயு. கைக்கும் அதுக்கும் நடுவிலையும் வாயு. சூடு போக வழியில்லை. இதை இறுக்கிக் கட்டியாக்கி அழுத்தினாத்தான் சூடு ஓடும். அப்ப பார் சுடுறதை.”

மெல்லிய மூங்கில் குழாய் ஒன்றில் அந்தத் தூளைப் போட்டு, ஒரு மரக் குச்சியால் இடிஇடியென்று இடித்தார். “எங்கடை ஊர்ப் புட்டுக்குழல் மாதிரித்தான். என்ன, அவிக்கத் தேவையில்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழாயிலிருந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற வெண்கட்டித் துண்டுபோல ஒன்றைத் தள்ளி எடுத்தார். அதைத் துணியால் பிடித்துக்கொண்டு என் வலது கையின் மருவில் வைத்து அழுத்தினார்.

அழுத்திக்கொண்டே பேசினார். அந்தத் தோட்டத்தில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. இதைவிடக் குளிரான உறைந்த காற்றுகளும் இருக்கின்றனவாம். நாம் மூச்சு விடுகிற காற்றையே சீமையில் உறையவைக்கிறார்களாம். அவ்வளவு குளிரில் சூடு எப்படிப் போகிறது என்று பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்களாம்.

“பெரிய டாக்குத்தர்தான் சொன்னவர். கட்டி ஒழுங்கா, உள்ளுக்கை ஒரு வெடிப்பும் குழப்பமும் இல்லாமல் உறைஞ்சிருந்தா, குளிர் கூடக் கூடச் சூடு அதுக்குள்ளாலை லேசா ஓடுமாம். ஓரளவுக்குத்தான், அதுக்கு மிஞ்சினா அதுவும் குறையுமாம். கண்டபடி உறைஞ்சிருந்தா ஒவ்வொரு இடத்திலும் முட்டி முட்டித்தான் போகும். விளங்குதே?”

“வெளங்குதுங்க” என்றேன். விளங்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் என் கையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் என்னை அதட்டாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

மரு வெள்ளையாய் உறைந்தது. லேசாய்க் குளிர்ந்ததே தவிர வலிக்கவில்லை. நாளைக்குக் கொப்புளம் எழும்பும், அது காய்ந்து மருவோடு உதிரும் என்று சொல்லி அனுப்பினார். வாசலில் வண்டிக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, “ரிதெனவாத?” என்று கேட்டார். வலிக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்று தலையசைத்தேன்.

மறுநாள் கொப்புளம் எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் போனது. மரு இருந்தபடியே இருந்தது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. புல்வெட்டுக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போவேன். முதுகில் தண்ணீர் ஒழுகும். லயத்துக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைக்கக் குந்தினால் எழும்ப முடியாது. ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டு டாக்டரய்யா சொன்னதை நினைப்பேன். அதுவரை குளிர் என்பது கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து நம்மைப் பிடிக்கிற ஒன்று என்றே நினைத்திருந்தேன். வருவது எதுவுமில்லை, நம் சூடுதான் போகிறது என்றால், களைப்பும் அப்படித்தானோ என்று தோன்றியது. அது எங்கிருந்தோ வந்து நம் மேல் ஏறுவதில்லை. நம்மிடம் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது. மரத்துக்கு, மலைக்கு, வாளிக்கு. போகிற வழி மட்டும் எங்கேயும் முட்டாமல் நன்றாகத் திறந்திருக்கிறது.

“என்னா யோசிக்கிற?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மூச்சு இழுத்து இழுத்துத்தான் பேசுவார்.

“ஒன்னுமில்லங்க. கை சரி வரல.”

“வராட்டி வராது. அங்க போனா மண்ணு இல்லாமலா போயிரும்?” என்று சொன்னார். சொன்ன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கப்பலின் அடித்தட்டு நெரிசலை அவர் மூச்சுத் தாங்காது என்று இருவருக்கும் தெரியும்.

மாதக் கடைசி நெருங்கியது. கங்காணி என்னைக் காணும்போதெல்லாம் கையைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

டாக்டரய்யா மறுபடி உருளையை வரவழைத்தார். வெசாக் பண்டிகை நெருங்கிவிட்டதால் சோடாக் கடையில் ஓயாத வேலை. முழு உருளை எதையும் தர மாட்டேன் என்று முதலாளி சொல்லி, பாவித்து முடிகிற நிலையில் இருந்த ஒன்றை அனுப்பியிருந்தார். வண்டிக்காரருக்கும் அவசரம். இம்முறை அவர் குந்தவில்லை, வாசலில் நடந்துகொண்டிருந்தார்.

“இந்த முறை விட மாட்டன்” என்றார் டாக்டரய்யா. இருந்த வாயுவில் பெரும் பங்கைத் திறந்துவிட்டு, வந்த தூளையெல்லாம் நெற்றி வியர்க்க இடித்து, பழையதைவிட இறுகிய கட்டியாக எடுத்தார். அதை என் கையில் வைத்து, மேசையில் முழங்கையை ஊன்றி, தன் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். நேரம் போனது. இலேசாய்க் கடுத்தது, அவ்வளவுதான்.

அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

என் எலும்புதான் முறிந்துவிட்டது என்று நினைத்துக் கத்திவிட்டேன். அவரும் பயந்து கட்டியை எடுத்துவிட்டார். இருவரும் குனிந்து பார்த்தோம். மருவின் மேல் முட்டை ஓடுபோல ஒரு கீறல். அவர் சின்ன இடுக்கியால் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பாக்குச் சீவல் அளவில் ஒரு சில்லு கையோடு வந்தது. இரத்தம் இல்லை. அவர் அதை விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சில்லு அவருடைய விரல் சூட்டில் இளகி, வளைந்து, இழுத்தால் நீளத் தொடங்கியது.

“இதென்ன பிள்ளை... ரப்பரோ?”

நான் கையைச் சேலை மடிப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

“கேக்கிறன், இது ரப்பரோ?”

“பாலு தடவுனதுங்க ஐயா. நாங்க எல்லாருமே தடவுறதுதான்.”

“இண்டைக்கும் தடவினனியோ?”

“ஒங்க மொகத்துக்கு முன்னால காட்டுறதுக்கு அசிங்கமா இருந்திச்சிங்க... அதான்...”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு வராததால் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஐயோ கடவுளே! நான் இரண்டு தரமும் ரப்பர் மரத்துக்கெல்லோ வைத்தியம் பாத்திருக்கிறன்! மருவின்ரை தோல்தான் தடிச்சுப் போச்செண்டு நினைச்சு, மனுசன் கையாலை இடிச்சு இடிச்சு... ரப்பருக்குள்ளாலை சூடு போகுமே? அதுதானே சுடுதண்ணிப் போத்தலுக்கும் ஐஸ் பைக்கும் போடுறாங்கள்!”

எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உடனே அவர் முகம் மாறிவிட்டது. உருளையைத் தட்டிப் பார்த்தார். வெறும் இரும்புச் சத்தம்.

வாசலில் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். “மாத்தயா, இவரத?” ஐயா, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

“தவ டிக்கக் இன்ன, மல்லி.” இன்னும் கொஞ்சம் இரு, தம்பி என்றார் டாக்டரய்யா. எங்களிடம் பேசுவதைவிட வண்டிக்காரரிடம் சிங்களத்தில் பேசும்போது அவர் குரல் மென்மையாக இருக்கும்.

மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து என் கையில் தேய்த்தார். கறுத்த ரப்பர் ஊறி, இளகி, சுருண்டு வந்தது. ஒரு தட்டு வந்தால் அதற்குக் கீழே இன்னொரு தட்டு. எத்தனை நாள் காலையில் பூசினேனோ அத்தனையும் அங்கே இருந்தது. கடைசியில் உள்ளிருந்து வந்தது பச்சை மரு. வெளிறிப்போய், ஊறிப்போய், என் கையே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அதை அவர் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது, துணி இல்லாமல் நிற்பதுபோல் கூசியது. ஆனாலும் நீட்டிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை. கையை ஒருமுறை தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டார்.

பிறகு உருளையைத் தூக்கித் தலைகீழாகப் பிடிக்க முயன்றார். ஒரு ஆளால் முடியவில்லை. வண்டிக்காரர் தானாகவே உள்ளே வந்து ஒரு பக்கம் பிடித்தார். திருகைத் திறந்ததும் முதலில் மூச்சு வாங்குவதுபோல் ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் சீறல், பிறகு ஒன்றுமில்லை. தோல் பையில் ஒரு கைப்பிடிகூட இல்லை. அதை ஒரு துணிக்கை சிந்தாமல் மூங்கிலில் போட்டு இடித்தார். வெளியே வந்தது விரல் நகத்தளவு கட்டி.

“காணும், இது போதும்” என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

அதை வைத்து அழுத்தினார். இந்தத் தடவை நான் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வரவில்லை. கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து ஏதும் உள்ளே வருவதுபோல் இல்லை. அவர் சொன்னது உண்மைதான். என் கைக்குள்ளிருந்து, தோளிலிருந்து, எங்கேயோ அடியிலிருந்து ஏதோ ஒன்று அந்த நகத்தளவு இடம் வழியாக இழுத்துக்கொண்டு போனது. வண்டிக்காரர் என் மறு கையைப் பிடித்துக்கொண்டு, “ஹரி, ஹரி, தென் இவரய்” என்று, மாட்டுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, சரி, இதோ முடிந்தது. கட்டி கரைந்து ஒன்றுமில்லாமல் போகும்வரை டாக்டரய்யா அழுத்தினார்.

அன்று மாலையே கொப்புளம் எழுந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, “அடிப்பாவி, சோடா பொங்கிருச்சி!” என்றாள். மண்ணெண்ணெய்க் கதை எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பால் தடவின கையோடு யார் டிஸ்பென்சரிக்குப் போனாலும் டாக்டரய்யா முதலில் மண்ணெண்ணெய்ப் போத்தலைத்தான் எடுப்பாராம். “பத்தவச்சிருவாரோன்னு பயமா இருக்குடி” என்று அவள் பீலியடியில் நடித்துக் காட்டுவாள். கொப்புளம் வற்றி, கறுத்து, ஒரு காலையில் மருவோடு பொருக்காய்க் கழன்று, அடுப்படியில் விழுந்தது. அதை அடுப்புக்குள்ளேயே தள்ளிவிட்டேன்.

மாதக் கடைசிக்கு முன்னால் கங்காணி கூப்பிட்டார். பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மரத்தைக் காட்டினார். ஊருக்குப் போக வேண்டியவர்களும் அன்று அங்கேதான் நின்றார்கள். எல்லோருடைய கண்களும் என் மேல்.

“வெட்டு பாப்போம்.”

என் வீட்டுக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். இழுப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. கத்தியை எடுத்தேன். புதுத் தோல் இளஞ்சிவப்பாய் இருந்தது. பிடியை வைத்து இறுக்கினேன். வலிக்கவில்லை. வலி மட்டுமல்ல, பிடி இருப்பதே அங்கே தெரியவில்லை. இறுக்கம் போதுமா, கூடிவிட்டதா என்று கையால் அறிய முடியவில்லை. கைக்குத் தெரியாததால் கண்ணால் பார்த்தேன். பெருவிரல் எங்கே இருக்கிறது, பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, முந்திய வெட்டின் ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தேன். பட்டை சுருள் சுருளாய் விழுந்தது. வெட்டு முழுவதும் ஊசிக் குத்துகளாய்ப் பால் துளிர்த்தது. பிறகு ஒன்றாய்ச் சேர்ந்து வழிந்தது. கங்காணி கிட்ட வந்து, வெட்டில் நகத்தை வைத்து ஆழம் பார்த்தார். மரம் தொடப்படவில்லை.

“ம். போ. ஒன் மரத்துக்குப் போ. நேரமாச்சு” என்றார்.

அவ்வளவுதான். போக வேண்டியவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாளியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். நான் அவ்வளவு பயந்து, அவ்வளவு வலி பொறுத்து மீட்டுக்கொண்டது, அட்டைகளும் ஈரமும் சேர்ந்த அதே மலையைத்தான், அதே விடியலைத்தான். முதல் மரத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே கால் ஓய்ந்துவிட்டது. கொஞ்சம் நின்றேன். பிறகு ஒட்டுப்பாலை உரித்தேன்.

அந்த நகத்தளவு இடத்துக்குச் சூடும் குளிரும் திரும்பி வரவே இல்லை. சோற்றுப் பானையைத் தூக்கினாலும், மழைத் தண்ணீரில் நனைந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்த வருடங்கள் முழுவதும், ஒவ்வொரு மரத்திலும் கத்தியைப் பார்த்துத்தான் பிடித்தேன். மற்றவர்கள் கத்தி வைக்கிற அரையிருட்டில் என் முதல் மரத்தைத் தொட முடியாமல், நன்றாக வெளுக்கும்வரை அதன் அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் கங்காணி தினமும் திட்டுவார். ஒரு நாளில் நான் உட்கார்ந்த நேரம் அது ஒன்றுதான்.